விதியும் விதிகளும்

தமிழில் 'விதி' என்ற சொல் இரண்டு எதிர்த்திசைகளில் நடக்கிறது. மனிதன் கைக்கு எட்டாத ஊழுக்கும் அதுதான் பெயர். மனிதன் தானே வகுத்துக்கொண்டு நடக்கும் ஒழுங்குக்கும் அதுதான் பெயர். எடுத்த காரியம் பொய்த்துப்போனவர் 'எல்லாம் விதி' என்று கையை விரிக்கும்போது முதற்பொருள் நிற்கிறது. அதே மனிதர் 'இனிமேல் இதை இப்படிச் செய்யக்கூடாது' என்று வரையறை போட்டுக்கொள்ளும்போது இரண்டாம் பொருள் பிறக்கிறது. தோல்வி எப்போது ஊழாக முடிந்துபோகிறது, எப்போது ஒழுங்காக மாறுகிறது என்பது சமய மெய்யியலின் பழைய கேள்விகளில் ஒன்று. அதற்கு விரிவான, நடைமுறை சார்ந்த விடையை வைத்திருப்பது பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான வினய பிடகம். தோல்வி தானாக எவருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. அதைப் பார்ப்பதற்கும், பிறரிடம் சொல்வதற்கும், அடுத்த செயலை மாற்றுவதற்கும் ஒரு முறை வேண்டும் என்பதே அந்த விடையின் சாரம்.

ஊழும் முயற்சியும்

கி.மு. 5ஆம் நூற்றாண்டை ஒட்டிய கங்கைச் சமவெளியில் இந்தக் கேள்வி சூடாக விவாதிக்கப்பட்டது. ஆசீவக நெறியின் தலைவரான மற்கலி கோசாலர் நியதிக் கொள்கையை முன்வைத்தார். உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் தீரும்வரை அவிழ்ந்துகொண்டே போவதைப்போல, அறிவுடையவரும் அறிவிலாதவரும் தமக்கென வகுக்கப்பட்ட பிறவிகளைக் கடந்தே துன்பம் தீர்வார்கள். முயற்சியால் அதைச் சுருக்கவோ சோம்பலால் நீட்டவோ முடியாது என்று அவர் கூறியதாகத் பாலி உரைத்தொகுப்பான தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் (சுத்தம் என்றால் உரை) பதிவுசெய்கிறது. மணிமேகலை ஆசீவகரின் உரையைக் கேட்பதும், நீலகேசி ஆசீவகரோடு வாதிடுவதும் இந்தக் கொள்கை தமிழகத்திலும் வேரோடியிருந்ததைக் காட்டுகின்றன.

நியதிக் கொள்கை ஒருவகையில் ஆறுதல் தருவது. எதுவும் தன்னால் ஆனதில்லை என்றால் தோற்றவர் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே காரணத்தால் அவர் தன்னைத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. அங்குத்தர நிகாயத்தின் ஓர் உரையில் புத்தர் மூன்று கொள்கைகளை ஒரே தட்டில் வைக்கிறார்: மனிதன் அனுபவிப்பதெல்லாம் முற்செயலின் பயன் என்பது ஒன்று, எல்லாம் ஓர் இறைவனின் படைப்பு என்பது இரண்டாவது, எதற்கும் காரணமே இல்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகையானவை. எனினும் முடிவில் மூன்றும் ஒரே இடத்தில் கொண்டுவிடுகின்றன என்கிறார் அவர். இதைச் செய்யவேண்டும், இதைச் செய்யக்கூடாது என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லாமல் போகிறது.

பௌத்தம் வினைப்பயனை ஏற்கும் சமயம். ஆனால் முற்செயல் மட்டுமே இன்றைய நிலையை முழுதும் தீர்மானிக்கிறது என்பதை அது ஏற்பதில்லை. இன்றைய செயலும் காரணங்களில் ஒன்று. தோல்விக்குக் காரணங்கள் உண்டு, அவற்றுள் சில கைக்கு எட்டுபவை என்ற நம்பிக்கையின்மேல்தான் பௌத்தப் பயிற்சி முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது.

ஆறாண்டுத் தோல்வி

புத்தரின் வரலாறே ஒரு நீண்ட தோல்வியைக் கடந்து வந்தது. இருபத்தொன்பது வயதில் வீட்டைத் துறந்த சித்தார்த்தர் முதலில் ஆளார காலாமர் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். அவர் கற்பித்த தியான நிலையை விரைவிலேயே எட்டினார். ஆசிரியர் தமக்குச் சமமான இடத்தைத் தர முன்வந்தும், தேடியது அதில் இல்லை என்று கண்டு விலகினார். அடுத்து உத்தக ராமபுத்தரிடமும் அதுவே நடந்தது.

பிறகு உருவேலையில், நேரஞ்சரை ஆற்றங்கரையில், கடுந்தவம் தொடங்கியது. மச்சிம நிகாயத்தின் மகாசச்சக சுத்தம் அதை உடலின் மொழியிலேயே விவரிக்கிறது. பல்லைக் கடித்து, நாவை அண்ணத்தில் அழுத்தி மனத்தை அடக்கப் பார்த்தார். மூச்சை நிறுத்தியபோது காதுக்குள் கொல்லன் துருத்தி ஊதுவதுபோன்ற ஓசை எழுந்தது. உணவைக் கைப்பிடி அளவாகக் குறைத்தார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள காந்தாரச் சிற்பம் ஒன்று இந்த நிலையை, விலா எலும்பும் நரம்பும் புடைத்துத் தெரியக் கல்லில் காட்டுகிறது.

ஆறாண்டுக்குப் பின்னும் ஞானம் கிட்டவில்லை. இந்தக் கட்டத்தில் அவர் கேட்டுக்கொண்ட கேள்விதான் முக்கியமானது. இதைவிடக் கடுமையாகத் தவம் செய்தவர் யாரும் இல்லை. அப்படியும் பலன் இல்லையென்றால் வேறு வழி இருக்குமோ? முயற்சியின் அளவில் குறை இருந்தால் இன்னும் முயலலாம். குறை அளவில் இல்லை என்று தெளிவானபின், திசையைத்தான் பார்க்கவேண்டும். அப்போது இளமையில், தந்தை வேலையில் ஈடுபட்டிருந்தபோது நாவல் மர நிழலில் தாம் அமர்ந்து அமைதியடைந்த நினைவு அவருக்கு வந்தது. அந்த இன்பத்துக்கு ஏன் அஞ்சவேண்டும் என்று யோசித்தார். மெலிந்த உடலால் அந்த அமைதியை அடைய முடியாது என்று உணர்ந்து சோறு உண்டார். உடனிருந்த ஐந்து துறவிகளும் அவர் சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டார் என்று வெறுத்து விலகினார்கள்.

ஞானம் அடைந்தபின் அவர் போதிக்க நினைத்த முதல் இருவர், தாம் விட்டு விலகிவந்த அந்த இரண்டு ஆசிரியர்களே. இருவரும் இறந்துவிட்டிருந்தனர். ஆகவே தம்மை வெறுத்துப் பிரிந்த ஐவரைத் தேடி, இன்று சாரநாத் எனப்படும் இசிபதனத்துக்கு நடந்தார். அங்கு அவர் முதலில் சொன்னது சுகபோகமும் உடலை வருத்துதலும் ஆகிய இரு எல்லைகளைத் தவிர்க்கும் நடுவழி. அந்த ஆறாண்டுகள் இல்லாமல் அந்த முதல் உரை இல்லை.

யாழ் நரம்பு

கடுமையே ஒழுக்கம் என்ற மயக்கம் சீடர்களிடமும் தலைதூக்கியது. சம்பை நகரத்துச் செல்வர் மகன் சோண கோளிவீசர் உள்ளங்காலில் மயிர் முளைக்கும் அளவுக்கு மென்மையாக வளர்ந்தவர். துறவு பூண்டபின் நடைத்தியானத்தில் முனைந்து, பாதம் பிளந்து நடைபாதை முழுதும் இரத்தம் படியும்வரை நடந்தார். பலன் தெரியவில்லை. வீட்டில் செல்வம் இருக்கிறது, திரும்பிப்போய் அறம் செய்து வாழலாம் என்ற எண்ணம் வந்தது.

புத்தர் அவரிடம் கேட்டது அவர் இல்லறத்தில் நன்கு அறிந்திருந்த ஒன்றைப் பற்றி. யாழ் நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் இசை வருமா? தளரவிட்டால் வருமா? முயற்சியும் அப்படித்தான், மிகுந்தால் மனம் பதற்றம் கொள்ளும், குறைந்தால் சோம்பும். சோணர் கைவிட இருந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது ஊக்கவுரை அன்று; நரம்பைச் சரியாகக் கூட்டும் செவி. விடாமுயற்சி என்பது ஒரே முறையை விடாமல் செய்வது என்று பொருள்கொண்டால் அது பிடிவாதமாகிவிடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இந்த நிகழ்ச்சிக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. மென்பாதமுடைய சோணர் செருப்பு அணியலாம் என்று புத்தர் அனுமதி தந்தார். தமக்கு மட்டும் சலுகை வேண்டாம், துறவியர் கூட்டமான சங்கம் முழுவதற்கும் அனுமதி தந்தால் அணிவேன் என்றார் சோணர். ஓரடுக்குச் செருப்பு எல்லாப் பிக்குகளுக்கும் அனுமதிக்கப்பட்டது. ஒருவருடைய புண்ணான பாதம் பலருக்கான விதியாயிற்று.

தவறு முன்னே, விதி பின்னே

வினய பிடகத்தின் அமைப்பே இத்தகைய நிகழ்ச்சிகளால் ஆனது. தேரவாத மரபில் பிக்குகளுக்கு 227 விதிகளும் பிக்குணிகளுக்கு 311 விதிகளும் உள்ளன. ஒவ்வொரு விதிக்கும் முன்னால், அது ஏன் வந்தது என்ற கதை வைக்கப்பட்டிருக்கிறது. விதிகளை முன்கூட்டியே வகுத்துவிடலாமே என்று சீடர் சாரிபுத்தர் கேட்டபோது, சங்கத்தில் குறைகள் தோன்றுவதற்கு முன் ஆசிரியர் விதி வகுப்பதில்லை என்று புத்தர் மறுத்ததாக அந்நூல் கூறுகிறது. நடக்காத தவறுக்கு வேலி போடுவதில்லை.

முதல் பெருங்குற்றத்தின் கதை சுதின்னர் என்ற பிக்குவைப் பற்றியது. குடும்பத்துக்கு வாரிசு வேண்டும் என்று தாய் மன்றாட, அவர் தம் முன்னாள் மனைவியோடு கூடினார். பிறகு குற்றவுணர்வால் உடல் மெலிந்து, முகம் வாடி, நரம்பு தெரியத் திரிந்தார். மற்றப் பிக்குகள் விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. புத்தர் அவரைக் கடுமையாகக் கடிந்துகொண்டு, இனி இப்படிச் செய்பவர் சங்கத்தில் இருக்க இயலாது என்று விதி வகுத்தார். ஆனால் சுதின்னருக்கு அந்த விதி பொருந்தவில்லை. விதி வருவதற்கு முன் முதன்முதலாகப் பிழைத்தவருக்கு அந்தக் குற்றம் சேராது என்பது வினயத்தின் பொதுமுறை. அவருடைய தவறு தவறுதான் என்று கடியப்பட்டது. அதிலிருந்து ஒரு விதி எடுக்கப்பட்டது. அவர்மேல் அந்த விதியின் தண்டனை ஏறவில்லை.

வகுத்த விதியும் தவறக்கூடும். நீராடல் பற்றிய விதி இதற்கு நல்ல சான்று. இன்றைய பீகாரின் ராஜ்கிரில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் பிக்குகள் நீராடிக்கொண்டிருந்தார்கள். மகத மன்னன் பிம்பிசாரன் தலைமுழுக வந்து, அவர்கள் முடிக்கட்டும் என்று ஒதுங்கிக் காத்திருந்தான். பிக்குகள் இருட்டும்வரை கரையேறவில்லை. மன்னன் குளித்து முடித்தபோது நகரின் வாயில் மூடப்பட்டிருந்தது. அவன் இரவு முழுதும் வெளியே தங்க நேர்ந்தது. அளவறியாமல் நீராடியதற்காகப் பிக்குகள் கண்டிக்கப்பட்டார்கள். அரை மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் நீராடக்கூடாது என்று விதி வந்தது.

கோடை வந்ததும் விதியின் குறை தெரிந்தது. பிக்குகள் வியர்வையோடு படுத்ததில் துவராடையும் படுக்கையும் பாழாயின. வெப்ப காலத்துக்கு விலக்கு தரப்பட்டது. பின்னர் நோயுற்றவருக்கும், வேலை செய்தவருக்கும், வழிப்பயணம் போனவருக்கும், காற்றிலும் மழையிலும் அகப்பட்டவருக்கும் அடுத்தடுத்து விலக்குகள் சேர்ந்தன. மத்திய நாட்டுக்கு வெளியே எல்லைப்புறங்களில் வாழும் பிக்குகள் அடிக்கடி நீராடலாம் என்றும் பின்னர் அனுமதி கிடைத்தது. நூல் இந்தத் திருத்தங்களை மறைக்கவில்லை. முதல் விதியையும், அது எங்கே இடறியது என்பதையும், திருத்தப்பட்ட வடிவத்தையும் வரிசையாக வைத்திருக்கிறது. ஒழுக்கத்தை வகுத்தவரின் விதியும் அனுபவத்தால் திருத்தப்படக்கூடியது என்பதை அந்த வரிசையே சொல்கிறது.

பிழையைச் சொல்லும் இடம்

தவறிலிருந்து கற்பதற்கு முதல் தடை அதை மறைக்கும் இயல்பு. வினயம் இந்த இயல்பை அறிவுரையால் மாற்ற முயலவில்லை. பிழையைச் சொல்வதற்கென்று நாளும் இடமும் சொற்களும் அமைத்துக் கொடுத்தது. ஒவ்வோர் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓரிடத்துப் பிக்குகள் கூடிப் பாதிமோக்கம் எனப்படும் விதித்தொகுப்பு முழுவதையும் ஓதக் கேட்பது உபோசதம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், இதில் தூய்மையாக இருக்கிறீர்களா என்று மும்முறை கேட்கப்படும். பிழை செய்தவர் அதற்கு முன்பே மற்றொரு பிக்குவிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கேட்பவர் இரண்டு செய்திகளையே உறுதிசெய்கிறார்: அதைப் பிழை என்று பார்க்கிறாரா, இனி அடக்கத்தோடு இருப்பாரா. விளக்கம், சமாதானம், அழுகை எதற்கும் அங்கே இடமில்லை.

கடுங்குற்றங்களில் மறைத்தலுக்கே தனிக் கணக்கு உண்டு. சங்காதிசேசம் எனப்படும் 13 குற்றங்களில் ஒன்றைச் செய்தவர், அதை எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள் தகுதிகுறைந்த நிலையில் ஒதுங்கி இருக்கவேண்டும். அதன்பின் ஆறு இரவுக் கழுவாய். பிறகு இருபது பிக்குகளுக்குக் குறையாத கூட்டம் அவரை மீண்டும் முழு நிலையில் ஏற்றுக்கொள்கிறது. உடனே சொன்னவருக்கு ஆறு இரவுகள் மட்டுமே. திரும்பி வரும் பாதை தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டிருப்பதால், விழுந்தவருக்கு எழுவது எப்படி என்ற ஐயம் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பவாரணை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கோசல நாட்டில் சில பிக்குகள் சண்டை வரக்கூடாது என்பதற்காக மூன்றுமாத மழைக்கால உறைவு முழுவதையும் ஒருவரோடொருவர் பேசாமலே கழித்தார்கள். அமைதியாக இருந்தோம் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னபோது, கால்நடைகள் சேர்ந்திருப்பதுபோல் இருந்திருக்கிறீர்கள் என்று புத்தர் கடிந்தார். அன்றுமுதல் உறைவு முடியும் நாளில் ஒவ்வொருவரும், என்னிடம் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஏதேனும் குறை இருந்தால் இரக்கத்தோடு சொல்லுங்கள் என்று சங்கத்திடம் கேட்கும் முறை வந்தது. மூத்தவரே முதலில் கேட்கவேண்டும். தன் கண்ணுக்குத் தெரியாத பிழையைப் பிறர் கண்ணால் பார்க்கும் ஏற்பாடு இது.

வருத்தமும் திருத்தமும்

பிழையை உணர்வதும் பிழையில் மூழ்குவதும் வேறு வேறு. பௌத்த உளவியல் நாணத்தையும் பழியச்சத்தையும் உலகைக் காக்கும் இரண்டு பண்புகளாக உயர்த்திப் பேசுகிறது. அதே சமயம் 'குக்குச்சம்' எனப்படும் ஓயாத உள்ளரிப்பைத் தியானத்தின் ஐந்து தடைகளில் ஒன்றில் சேர்க்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முன்னது அடுத்த செயலை நோக்கித் திரும்புகிறது, பின்னது முடிந்த செயலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வருந்துவதால் செய்த தீமை செய்யாததாகிவிடாது என்று உணர்ந்து, அதைக் கைவிட்டு, இனிச் செய்யாமல் இருப்பதே அதைக் கடக்கும் வழி என்று சங்யுத்த நிகாயத்தின் சங்க சுத்தம் கூறுகிறது.

மனவலிமையைப் பற்றி அதே நிகாயத்தில் இரண்டு அம்புகளின் உவமை வருகிறது. ஒருவன்மேல் அம்பு பாய்கிறது. உடனே இரண்டாவது அம்பும் பாய்கிறது. முதல் அம்பு உடலுக்கு நேரும் வலி. இரண்டாவது அந்த வலியை எண்ணிப் புலம்பும் மனத்தின் வலி. பயிற்சி பெற்றவருக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்யும். இரண்டாவது தைப்பதில்லை.

இதை எப்படிப் பழகுவது என்பதைப் புத்தர் தம் மகன் ராகுலருக்குச் சொன்ன உரை விளக்குகிறது. கால் கழுவிய பாத்திரத்தில் மிஞ்சிய சிறிதளவு நீரைக் காட்டி, தெரிந்தே பொய் சொல்ல நாணாதவரின் துறவு இவ்வளவுதான் என்றார், நீரைக் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார். கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றார் ராகுலர். செயலையும் அப்படியே பார்க்கவேண்டும்: செய்யுமுன் ஒருமுறை, செய்யும்போது ஒருமுறை, செய்து முடித்தபின் ஒருமுறை. முடித்தபின் தீங்கு தெரிந்தால் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ சொல்லி இனி அடங்கவேண்டும். நன்மை தெரிந்தால் மகிழ்ச்சியோடு தொடரவேண்டும். பிழையைப் பார்ப்பதுபோல் நன்மையையும் பார்க்கச் சொன்னது கவனிக்கத்தக்கது. அசோகர் தம் பைராட் கல்வெட்டில் பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்கவேண்டிய உரைகளைப் பட்டியலிடும்போது, பொய் பற்றி ராகுலருக்குச் சொன்ன உரையையும் சேர்த்திருக்கிறார்.

வாய்ச்சியின் பிடி

ஒழுக்கத்தின் பலன் அன்றாடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தச்சரின் வாய்ச்சிப் பிடியில் விரல்பட்ட தடம் தேய்ந்து தெரியும். இன்று எவ்வளவு தேய்ந்தது, நேற்று எவ்வளவு தேய்ந்தது என்று தச்சருக்குத் தெரியாது. தேய்ந்தபின் தேய்ந்தது தெரியும். புத்தர் பயிற்சிக்குச் சொன்ன உவமை இது. இதனோடு சேர்ந்து வருவது கோழியின் உவமை: குஞ்சு பொரிக்கட்டும் என்று கோழி ஆசைப்படுவதால் முட்டை பொரிவதில்லை, ஒழுங்காக அடைகாத்தால், ஆசைப்படாவிட்டாலும் பொரியும்.

முறை மாறினால் தோற்றவரும் கற்பார் என்பதற்கு உரைநூல்கள் சுள்ளபந்தகரைக் காட்டுகின்றன. நான்கு மாதம் முயன்றும் ஒரு பாடலைக்கூட மனப்பாடம் செய்ய அவரால் முடியவில்லை. உடன்பிறந்த அண்ணனே அவரை மடத்தைவிட்டுப் போகச் சொன்னார். வாயிலில் நின்றவரிடம் புத்தர் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்குக என்ற பொருளுள்ள சொல்லைச் சொல்லிக்கொண்டே தடவச் சொன்னார். கை பட்டுப்பட்டு வெண்துணி அழுக்கேறியதைக் கண்ணால் கண்டபோது, பாடல் கற்பிக்காத நிலையாமையை அவர் உணர்ந்தார். அங்கே தோற்றது மாணவர் அல்லர், கற்பித்த முறை.

விதியின் எல்லை

தவறிலிருந்து பிறந்த விதி, பிறந்த காரணம் மறந்தால் வெறும் சடங்காகிவிடும். பௌத்தம் இந்த ஆபத்துக்குப் பெயரே வைத்திருக்கிறது. விதிகளையும் விரதங்களையும் அவற்றுக்காகவே பற்றிக்கொள்வது 'சீலப்பத பராமாசம்'. மனிதனைக் கட்டும் பத்துத் தளைகளில் ஒன்று. விடுதலைப் பாதையில் முதற்படி ஏறுபவரே இதை அறுத்துவிட வேண்டும்.

எனினும் நடைமுறையில் இது எளிதாக இல்லை. தமக்குப் பின் சங்கம் விரும்பினால் சிறிய விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்று புத்தர் இறுதி நாட்களில் சீடர் ஆனந்தரிடம் சொன்னார். எவை சிறியவை என்று ஆனந்தர் கேட்கவில்லை. புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய முதற்சங்கக் கூட்டத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். முடிவில் மூத்த பிக்கு மகாகாசியபரின் யோசனைப்படி எதையும் நீக்காமல், எதையும் புதிதாகச் சேர்க்காமல் அப்படியே காப்பது என்று தீர்மானித்தார்கள். அதுவரை திருத்தங்களால் வளர்ந்துவந்த நூல் அத்தோடு உறைந்தது. அதன்பின் மாற்றம் விளக்கவுரை வழியாகவே வந்தது. அந்தப் பணியில் சோழ நாட்டுக்கும் பங்கு உண்டு: காவிரிக்கரைப் பூதமங்கலத்து விகாரையில் இருந்து புத்ததத்தர் வினயத்தைப் பாலிச் செய்யுளில் சுருக்கி 'வினயவினிச்சயம்' இயற்றினார், பிற்காலத்தில் சோழ நாட்டுக் காசியபர் வினய ஐயங்களைத் தீர்க்க 'விமதிவினோதனி' எழுதினார்.

விதிகளின் பெருக்கத்தால் சோர்ந்துபோகும் தனிமனிதருக்கு என்ன வழி என்பதற்கும் அங்குத்தர நிகாயத்தில் விடை இருக்கிறது. வச்சி நாட்டுப் பிக்கு ஒருவர் புத்தரிடம் வந்து, பதினைந்து நாளுக்கொருமுறை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விதிகள் ஓதப்படுகின்றன, அத்தனையையும் பழக என்னால் முடியவில்லை என்றார். மூன்றைப் பழக முடியுமா என்று புத்தர் கேட்டார்: ஒழுக்கம், மன ஒருமை, அறிவு. முடியும் என்றார் பிக்கு. மூன்றும் முதிரும்போது ஆசையும் வெறுப்பும் மயக்கமும் தாமாக நீங்கும், அவை நீங்கியபின் தீயதைச் செய்யமாட்டாய் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. முடியவில்லை என்று சொல்ல வந்த அந்தப் பிக்கு, அந்த மூன்றைப் பழகியே ஆசையும் வெறுப்பும் மயக்கமும் நீங்கப்பெற்றார் என்று சுத்தம் முடிகிறது.